பொருள்: [சொல்லாக்கம்] பிடிஎஃப் வாசிப்பான் ‘ஹாங்’ ஆவதற்குத் தமிழில் என்ன?

கோண்டாவிலிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் வாசிகசாலைகளில் இருக்கிற கணினிகளுக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு பக்கத் தாள் எழுதுகிறோம். பெரிய பிடிஎஃப் ஒன்றைத் திறந்ததும் திரை வெளிறி, சுட்டி சுழன்றுகொண்டே நிற்கிறதே, அந்த நேரம் என்ன செய்வது என்பதுதான் விடயம். தாளுக்கு மூன்று சொல் தேவை. மெதுவாக ஓடுவது, அசையாமல் நிற்பது, தானாக மூடிக்கொள்வது. முதலாவதுக்கு ‘மந்தம்’, மூன்றாவதுக்கு ‘முறிவு’ போட்டிருக்கிறேன். நடுவில் உள்ளதுக்கு, அதாவது ஆங்கிலத்தில் ‘ஹாங்’ என்பதற்கு, இப்போதைக்கு ‘உறைநிலை’. மனசுக்கு ஒட்டவில்லை. ‘பதிலளிக்கவில்லை’ என்று எழுதினால் சண்டை பிடித்த ஆள் மாதிரி இருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து:

தம்பி, சொல்லுக்கு முதல் அந்த நேரம் உள்ளுக்குள்ள என்ன நடக்குது எண்டு பாப்பம். பிறகு பெயர் வைக்கலாம்.

வின்டோசில் ஒரு சாளரம் தனக்கு வரும் செய்திகளை (சுட்டி அழுத்தம், விசை, ‘திரும்ப வரை’ என்ற கட்டளை எல்லாம் செய்திதான்) 5 வினாடிக்கு மேல் எடுக்காமல் விட்டால், வின்டோஸ் அதன் கடைசிப் படத்தை ஒரு போர்வையாக மேலே போர்த்து, தலைப்பில் ‘நொட் றெஸ்பொன்டிங்’ என்று எழுதிவிடும். வெளிறித் தெரிவது போர்வை. அதைப் பிடித்து இழுக்க முடிவதும் அது வின்டோசின் சாமான் என்பதால்தான். கீழே நிரல் செத்துப்போகவில்லை. ஒன்றில் கடுமையாக வேலை செய்யும், அல்லது எதையோ பார்த்துக்கொண்டு நிற்கும். எது என்று அறிய கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வாற ‘ராஸ்க் மனேஜர்’ சாளரத்தின் ‘டீற்றெயில்ஸ்’ பக்கத்தில் அந்த நிரலுக்கு நேரே உள்ள சீபீயூ இலக்கத்தை (கணினியின் செயலி நூற்றுக்கு எவ்வளவு உழைக்குது என்ற கணக்கு) பாருங்கோ.

4 கோர் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவு) உள்ள மெஷினில் அது 25இலேயே குந்திக்கொண்டு இருந்தால், ஒரு கோர் முழுதாக உழைக்குது என்று அர்த்தம் (8 என்றால் 12, 13). பக்கத்தை வரைஞ்சு முடிக்கேல்லை, அவ்வளவுதான். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளியில் நிறத்தோடு வருடினால் (ஸ்கான் செய்தால்) 2480 பெருக்கல் 3508, கிட்டத்தட்ட 87 இலட்சம் பிக்சல். ஒன்றுக்கு 3 பைற். விரித்தால் 26 எம்பி, ஒரே ஒரு பக்கத்துக்கு. 600 புள்ளி என்றால் 104 எம்பி. ஃபைல் சின்னனாக இருக்கே என்று நம்பவேண்டாம்: ஜேபெக் 2000 முறையில் இறுக்கிய படம் வட்டில் கொஞ்ச இடமே பிடிக்கும், அவிழ்க்கத்தான் சீபீயூ திணறும். 15 எம்பி ஃபைல் 60 எம்பி ஃபைலை விட இழுபடுவது இதனால்தான். நில அளவை வரைபடங்கள் வேறு மாதிரி. அதில் படம் இல்லை, இலட்சக்கணக்கில் கோடுகள். ஒவ்வொன்றாய்க் கீறவேணும்.

இந்த வகைக்குக் காத்திருப்பதுதான் மருந்து. பக்கம் வரேல்லை என்று ‘பேஜ் டவுன்’ விசையைப் பத்துத் தரம் குத்தினால் அந்தக் குத்துகள் வரிசையில் நிக்கும். விழித்ததும் பத்துப் பக்கத்தையும் வரைய வெளிக்கிடும்.

இலக்கம் 0 அல்லது 1 என்றால் கதை வேறு. ஆரோ மறுமொழி சொல்லவேணும் என்று நிரல் நிக்குது. நான் முதலில் சந்தேகப்படுவது பிறின்ரரை. அச்சடிக்கச் சொல்லாவிட்டாலும் அடோபி றீடர் திறக்கும்போதே இயல்புநிலை அச்சுப்பொறியிடம் விபரம் கேட்கும். அது வலையமைப்பில் இருந்து, ஆரும் சுவிச்சை நிப்பாட்டியிருந்தால், கேட்டது கேட்டபடி நிக்கும். ‘பிறின்ரர்ஸ்’ அமைப்புக்குப் போய் ‘வின்டோசே தெரிவு செய்யட்டும்’ என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு, ‘மைக்றோசொஃப்ற் பிறின்ற் ரு பிடிஎஃப்’பை இயல்புநிலையாக்குங்கோ. றீடரை மூடித் திறந்து பார்த்தால் இரண்டு நிமிசத்தில் தெரிஞ்சுபோம்.

அடுத்தது பென்டிறைவ். பிடிஎஃப் கோப்பின் அட்டவணை கடைசியில் இருக்கும். வாசிப்பான் முதலில் வாலைப் பார்த்து, பிறகு அங்கும் இங்கும் பாயும். பழைய பென்டிறைவிலோ தூரத்துப் பகிர்வுக் கோப்புறையிலோ இந்தப் பாய்ச்சல் எடுபடாது. வன்தட்டுக்குப் பிரதி எடுத்துத் திறக்கவேணும்.

‘வாசிப்புக்கு ஆவணம் ஆயத்தமாகிறது’ என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தால், திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக்காட்டும் நிரல்) ஏதோ இருக்கிறது என்று றீடர் நினைச்சு முழுப் புத்தகத்தையும் உழுதுகொண்டிருக்குது. ‘பிறிஃபரன்சஸ்’, ‘றீடிங்’ பகுதியில் ‘தெரிகிற பக்கம் மட்டும்’ என்று மாற்றலாம்.

இன்னொன்று. ‘புறொட்டெக்டட் மோட்’டை நிப்பாட்டு என்று இணையத்தில் எல்லாரும் எழுதுவினம். சோதிக்க ஒரு தரம் நிப்பாட்டிப் பாருங்கோ, உடனே திரும்பப் போடுங்கோ. பிடிஎஃபுக்குள் ஒளிஞ்சு வாற கேடு மெஷினுக்குள் பரவாமல் மறிக்கிற வேலி அது. ஊர்ச்சனம் எல்லாம் வந்துபோற கணினியில் வேலியைப் பிடுங்கேலாது.

உடுவிலிலிருந்து:

மேலே உள்ள விளக்கத்துக்கு நன்றி. சொல் தேடுகிறவருக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைக்காது. நமக்கு வேண்டிய சொல் மூன்று நிபந்தனைக்கு உட்படவேண்டும்: உயிர் இருக்கிறது, தொட்டால் அறியவில்லை, தானாகத் தெளியவும் கூடும்.

‘தொங்கல்’ ஆங்கிலத்தின் நிழல். தவிர, நமக்கு ஒழுங்கையின் தொங்கல் என்றால் அதன் கடைசி. ‘உறைதல்’ இன்னொரு நிழல், ‘ஃப்றீஸ்’ என்பதன் நிழல். விரிதாளில் தலைப்பு வரியை அசையாமல் நிறுத்துவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான், அங்கே அது நாமே விரும்பிச் செய்வது. ஒரு தமிழ்ச்சொல்லை இரண்டுக்கும் கொடுத்தால் மாணவர் குழம்புவர்.

எனக்கு முதலில் ‘வாளாவிருத்தல்’ பிடித்திருந்தது. நம் பத்திரிகைகளில் இன்றைக்கும் வழங்கும் சொல். ஆனால் 25 வீதம் உழைத்துக்கொண்டிருக்கிற ஒன்றை வாளாவிருக்கிறது என்பது பொய். பூச்சியத்தில் நிற்பதற்கு மட்டும் பொருந்தும்.

எனது முன்மொழிவு ‘விறைப்பு’. சப்பாணி கட்டி இருந்து எழும்பினால் கால் விறைத்துப்போகும், கிள்ளினாலும் தெரியாது, கொஞ்ச நேரத்தில் சரிவரும். பல் பிடுங்க முதல் போடுவது விறைப்பு ஊசி. ‘வாசிப்பான் விறைத்துவிட்டது’ என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

சென்னையிலிருந்து:

வணக்கம். விளக்கம் அருமை, ஆனால் ‘விறைப்பு’ இங்கே பாடப்புத்தகத்துக்குள் வர முடியாது. எங்கள் ஊர் மருந்து விளம்பரங்களில் அந்தச் சொல் வேறோர் உறுப்போடு ஒட்டிக்கொண்டு பல காலமாயிற்று. எட்டாம் வகுப்பு ஆசிரியர் ‘விறைப்பு நிலை’ என்று கரும்பலகையில் எழுதினால் அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

உங்கள் விறைப்பு ஊசியை நாங்கள் ‘மரத்துப்போக ஊசி’ என்போம். பொருள் அதேதான். ‘மரத்தல்’ என்று வைத்தால் இரண்டு கரையிலும் செல்லுமே?

சாவகச்சேரியிலிருந்து:

> ‘மரத்தல்’ என்று வைத்தால்

ஒரு எழுத்துப் பிழை விட்டால் ‘மறத்தல்’. “நிரல் மறத்தல் கண்டால்” என்று அச்சாகி வந்தால் நினைவகத்தில் ஏதோ அழிந்துபோய்விட்டது என்றல்லவா சனம் நினைக்கும். ‘மரப்பு’, ‘மறப்பு’ அதைவிட மோசம்.

உடுவிலிலிருந்து:

விளம்பரக் கதை எனக்குத் தோன்றவே இல்லை. விறைப்பைக் கைவிடுகிறேன், வருத்தத்துடன்.

ர, ற சிக்கல் பெயர்ச்சொல்லில்தான் இருக்கிறது, வினைமுற்றில் இல்லை. மறத்தலின் இறந்தகாலம் ‘மறந்தது’. மரத்தலின் இறந்தகாலம் ‘மரத்தது’. நடு எழுத்தே வேறு என்பதால் பிழையாக எழுதினாலும் ‘மறத்தது’ என்று ஒரு சொல் தமிழில் இல்லை, வாசிப்பவர் தானே திருத்திக்கொள்வார். ஆகவே பெயரையும் இறந்தகால வடிவிலிருந்தே ஆக்குவோம்: ‘மரத்தநிலை’. தொழிற்பெயரைத் தொடாமல் விட்டால் சரி. ‘மரத்துவிட்டது’, ‘மரத்துள்ளது’, ‘மரக்கச்செய்யும் கோப்பு’ எல்லாம் இலகுவாக வரும். தலைப்புப் பட்டையில் அடைக்கவும் ‘மரத்துள்ளது’ போதுமான கட்டை.

திருநெல்வேலியிலிருந்து:

கடைகளில் எல்லாரும் சொல்லுறது ‘ஸ்ரக்’தான், அது மாறாது. ஆனால் ‘மரத்துப்போச்சு’ வாயில் வருது. இரண்டு வகைக்கும் தனித்தனிப் பெயர் வேண்டாமோ? சுமைமரப்பு, காத்திருப்பு மரப்பு மாதிரி?

உடுவிலிலிருந்து:

வேண்டாம். ‘மரப்பு’ திரும்ப உள்ளே வந்துவிட்டது பாருங்கள். தாளில் சீபீயூ இலக்கத்தை எழுதினால் அதுவே வகையைச் சொல்லும்.

சாவகச்சேரியிலிருந்து:

சரி, எனக்கும் சம்மதம். தாள் எழுதுகிறவருக்கு ஒரு விடயம்: வாசிகசாலையில் திறக்கிறவை கூடுதலாக வருடிய புத்தகங்கள். நூலகம் தளத்தில் இறக்கும் ஈழத்து மின்னூல்களும் அப்படித்தான். ஆகவே வாசிக்கிறவருக்கு மட்டும் எழுதாமல், வருடுகிறவருக்கும் ஒரு வரி வேண்டும். எழுத்து மட்டும் உள்ள பக்கத்தை 300 புள்ளியில் கறுப்பு வெள்ளையாக வருடினால் பிக்சலுக்கு ஒரு பிற், விரித்தாலும் ஏறத்தாழ 1 எம்பிதான். மேலே சொன்ன 26 எங்கே, இது எங்கே. பழுப்பேறிய தாள் என்றால் எழுத்து உடையும், அப்போது சாம்பல் நிறம், 8.7 எம்பி. ஏற்கெனவே கனமாக உள்ள கோப்பை கோஸ்ற்ஸ்கிறிப்ற் என்ற பிடிஎஃப் மாற்றும் நிரலின் ‘ஈபுக்’ அமைப்பில் 150 புள்ளிக்கு இறக்கி வாசிப்புப் பிரதி எடுக்கலாம். மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடாதேங்கோ, இறக்கின புள்ளியைத் திரும்ப ஏற்றேலாது.

கோண்டாவிலிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. நடுப்பகுதி இப்போது இப்படி நிற்கிறது:

“திரை வெளிறி, அழுத்துவது எதற்கும் அசையாவிட்டால் வாசிப்பான் மரத்துள்ளது. விசைகளைக் குத்த வேண்டாம். சீபீயூ இலக்கத்தைப் பாருங்கள். 12இற்கு மேல் நின்றால் வேலை நடக்கிறது, 2 நிமிடம் பொறுங்கள். 0 அல்லது 1 என்றால் அச்சுப்பொறி நிறுத்தப்பட்டுள்ளதா, கோப்பு பென்டிறைவில் உள்ளதா என்று பாருங்கள். 5 நிமிடமாகியும் தெளியாவிட்டால் ‘எண்ட் ராஸ்க்’ பொத்தானை அழுத்தி நிரலை மூடுங்கள். படிவம் நிரப்பிக்கொண்டிருந்தால், சேமிக்காதது போய்விடும்.”

‘எண்ட் ராஸ்க்’குக்கும் ஒரு சொல் பார்ப்போமா?

திருநெல்வேலியிலிருந்து:

வேண்டாம் தம்பி. அந்தப் பொத்தான் திரையில் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தாளில் அதை அதே எழுத்தில் படமாய்ப் போட்டுவிடுங்கோ. மற்றது, ‘12இற்கு மேல்’ எண்டதைத் திருத்துங்கோ. 8 கோரில் 12இலேயே நிக்கும், 13 ஆகாது சிலவேளை. ‘10இற்கு மேல்’ எண்டு போடுங்கோ.