பெட்டி கிட்டாரில் பீசோவை எங்கே வைப்பது?

வணக்கம் நண்பர்களே. பழைய மரப்பெட்டி ஒன்றில் மூன்று கம்பி கிட்டார் செய்திருக்கிறேன். சுருதி ஜி-டி-ஜி. ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் வாசித்தால் அவ்வளவு இனிமை. சிக்கல் ஆம்பில் மாட்டிய பிறகுதான்.

அதிர்வை மின்சைகையாக மாற்றும் 27 மி.மீ. பீசோ தட்டு ஒன்றை, பிரிட்ஜுக்கு (கம்பிகளைத் தாங்கும் கட்டை) நேர் கீழே, மூடியின் உள்பக்கம் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினேன். சத்தம் நன்றாக வருகிறது, ஆனால் தகரத்தில் தட்டுவது போல இருக்கிறது. கை பெட்டியில் லேசாக உரசினாலும் டம் டம் என்று கேட்கிறது. வால்யூமைக் கூட்டினால் ஊளையிடுகிறது. சரி என்று இரண்டு அங்குலம் தள்ளி வைத்தேன். உரசல் குறைந்தது, மேல் கம்பியின் குரலும் கூடவே அமுங்கிவிட்டது. அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அந்தக் கம்பியில்தான் ஸ்லைடு (கம்பி மேல் வழுக்கும் குழாய்) வைத்து வாசிப்பேன்.

வால்யூம் பாட்டை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு மின்தடை) 500 கிலோ ஓமிலிருந்து 1 மெகா ஓமுக்கு மாற்றியதில் அடிக்குரல் கொஞ்சம் திரும்பி வந்தது. பீசோவுக்கு அதிக மின்தடை வேண்டும் என்பது அப்போதுதான் காதில் புரிந்தது.

கழுத்துக் கட்டை பெட்டிக்குள் ஊடுருவிப் போகிறது. பிரிட்ஜுக்குக் கீழே அந்தக் கட்டையில் பள்ளம் தோண்டி, பீசோவை மூடிக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய கார்க்குடன் வைத்தவர்கள் யாராவது உண்டா? ஊளை குறைந்ததா? தட்டின் மேல் சூடான பசையைப் பூசினால் தகர ஒலி அடங்குமா, இல்லை மொத்தக் குரலும் செத்துவிடுமா? பள்ளம் தோண்டிவிட்டால் திரும்ப அடைக்க முடியாது, அதனால்தான் முதலில் கேட்கிறேன். உங்கள் கிட்டாரின் உள்பக்கப் படம் இருந்தால் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.