மாட்டுக்கொட்டகை மூங்கிலில் ஓட்டை: கருவண்டா, உளுவா?

முள்ளியாற்றங்கரை:
2018 கஜா புயல்ல பழைய கொட்டகை போச்சு. போன வருஷந்தான் மூங்கில் கழி வாங்கி, கீற்று வேய்ஞ்சு புதுசா போட்டோம். இப்ப ஒரு கழியில சுண்டுவிரல் போற அளவுக்கு ஓட்டை, வளையல் மாதிரி அச்சு வட்டம். கன்னங்கரேல்னு ஒரு வண்டு போய் வருது, வெயில் பட்டா சிறகு நீலமா மின்னுது. கிட்டப் போனா முகத்துக்கு நேரா வந்து நிக்குது. காலையில சாணி அள்ளப் போனா பசு முதுகெல்லாம் வெள்ளை மாவு, அரிசிமாவு சலிச்ச மாதிரி. மாமனார் தீப்பந்தம் காட்டி வண்டைக் கொளுத்தணும்ங்கிறார். எனக்குப் பயமா இருக்கு.

மன்னார்குடி மூங்கில்காரர்:
பந்தம் வேண்டவே வேண்டாம் தங்கச்சி, கீற்று ஒரு பொறிக்குப் பத்திக்கும். உங்க கொட்டகையில இருக்கிறது ரெண்டு வேற பூச்சி. கருவண்டு வண்டே இல்ல, தேனீ ஜாதி. மூங்கிலைத் திங்காது. கடிச்சு வழி பண்ணி உள்ள மகரந்தமும் தேனும் பிசைஞ்சு உருண்டை வைக்கும், அதுமேல ஒரு முட்டை, தூளால ஒரு தடுப்பு, அப்புறம் அடுத்த அறை. அது தள்ளுற தூள் கொரகொரன்னு ஓட்டைக்கு நேர்கீழதான் கிடக்கும்.

மாவா கொட்டுறது உளு. எள்ளு அளவு பழுப்பு வண்டு. அதுவும் அதோட புழுவும் மூங்கில்ல இருக்கிற மாச்சத்துக்காகவே குடையும். தோல் அப்படியே நிக்கும், உள்ள ஒண்ணுமிருக்காது. வெட்டுமுனை, கணு ஓரம் டார்ச் அடிச்சுப் பாருங்க, குண்டூசித்தலை அளவு ஓட்டை தெரியும். மூங்கிலை ஊறப்போட்டாங்களா?

முள்ளியாற்றங்கரை:
இல்லண்ணே, வாங்கின மறுநாளே கட்டிட்டாங்க. பசு நிக்கிற இடத்துக்கு மேல மூணு கழியில பொடிப்பொடி ஓட்டை. ஒண்ணைக் கட்டைவிரலால அமுக்கினேன், பொதக்குன்னு உள்ள போயிடுச்சு. கருவண்டு இருக்கிற கழியைத் தட்டினா ணங்குன்னு கேக்குது.

மன்னார்குடி மூங்கில்காரர்:
அந்த மூணையும் இறக்கி அடுப்புக்குப் போடுங்க, கொட்டகையில சாத்தி வைக்காதீங்க. புதுக் கழியைக் குளத்துல கல்லு வச்சு அமுக்கி ஒரு மாசத்துக்கு மேல முழுகவிடுங்க, மாச்சத்து கரையும். நிழல்ல காயவச்சுக் கட்டுங்க. வார்னிஷ் அடிச்சு ஏமாறாதீங்க, மூங்கில் தோல் எதையும் உள்ள விடாது.

உளுந்துக்கொல்லை:
கருவண்டு இருக்கட்டும்மா. பசுந்தாள் உரத்துக்குப் போடுற சணப்பை விதைக்கு விடுறவங்களுக்கு அதோட அருமை தெரியும். அந்தப் பூவை அழுத்தித் திறக்க அதுமாதிரி கனத்த உடம்பு வேணும். முகத்துக்கு நேரா நிக்கிறது பெரும்பாலும் ஆண், அதுக்குக் கொடுக்கே கிடையாது. பெட்டையைக் கையில பிடிச்சு நசுக்காதவரை அதுவும் கொட்டாது.

முள்ளியாற்றங்கரை:
மாமனாரைக் கூட்டிட்டுப் போய் உளுத்த கழியைப் பிளந்து காட்டினேன். மடியில மாவா கொட்டுச்சு. புதுசா மூணு கழிக்குச் சொல்லியாச்சு, நாளைக்குக் குளத்துல இறங்குது.