ஐஸ் வைத்தால் தடிக்கவில்லை, காற்றடித்தால் தடிக்கிறது

வணக்கம். மூணாறு எஸ்டேட் லயங்களில், குளிர் பட்டால் காணாக்கடி வரும் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறோம். நான்கு பேர் விஷயத்தில் முட்டி நிற்கிறோம். டிசம்பர், ஜனவரி காலையில் பள்ளிக்கு நடந்தால் முகம், கை, தொடை எல்லாம் தடித்து அரிக்கிறது. வீட்டுக்குள் வந்து ஒரு மணி நேரத்தில் அடங்குகிறது. ஐஸ் சோதனையில் மட்டும் ஒன்றுமே இல்லை.

ஐஸ் கட்டியைக் கொஞ்சம் தண்ணீரோடு மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு, முன்கையின் உட்புறம் 5 நிமிடம் வைத்தோம். எடுத்து 10 நிமிடம் கழித்துப் பார்த்தோம். பிறகு 10, 20 நிமிடம் என்று கூட்டினோம். தாமதமாக வரும் வகையோ என்று 24 மணி நேரம் கழித்தும் பார்த்தாயிற்று.

தடிப்பை அடக்கிவிடும் என்பதால், ஒவ்வாமை மருந்தான செட்டிரிசினை 7 நாள் முன்பே நிறுத்தியதுதான். ஆனால் வீட்டில் கொடுக்கும் சளி சிரப்பில் குளோர்பெனிரமின் என்ற அதே வகை மருந்து ஒளிந்திருக்கும். அதில் ஒருமுறை ஏமாந்து, எல்லாருக்கும் மறுபடி செய்தோம்.

கிரையோகுளோபுலின் (குளிரில் திரளும் ரத்தப் புரதம்) பரிசோதனை முடிவை நம்ப முடியவில்லை. ரத்தத்தை 37 டிகிரியிலேயே வைத்திருக்க வேண்டும். மலை இறங்குவதற்குள் பிளாஸ்க் ஆறிவிடுகிறது. குளிர்ந்த நீரில் கையை முக்கும் சோதனை வேண்டாம் என்று விட்டோம், அனாபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை) வந்துவிடுமோ என்ற பயம்.

இரண்டு பிள்ளைகளின் அம்மாவுக்கும் கைக்குழந்தையிலிருந்தே இதே தொல்லை. அதனால் பிஎல்சிஜி2 (PLCG2) என்ற மரபணுவின் மாற்றத்தால் பரம்பரையாக வரும் வகையோ என்று சந்தேகம். அதில் ஐஸுக்குத் தடிக்காது, ஈரம் காற்றில் உலரும்போதுதான் தடிக்கும்.

பிள்ளைகளுக்கு, தோலில் தண்ணீர் விட்டுக் காற்றில் உலரவைத்துத் தடிக்கிறதா என்று பார்க்கும் சோதனையைச் செய்தவர்கள் எத்தனை சொட்டுத் தண்ணீர் விட்டு, எத்தனை நிமிடம் காற்று காட்டினீர்கள்?