கயலின் குப்பி

கயல்: [படம்] இன்று நாள் முழுக்க இதோடுதான். உள்ளே வெள்ளியாய் மின்னும் பொட்டு, ருபீடியம் என்ற உலோகம்.

மதுரை அத்தை: ஓம வாட்டர் பாட்டில் மாதிரி இருக்கிறதே. ஃபாயில் எதற்குச் சுற்றியிருக்கிறாய்?

கயல்: சூடு நிற்கத்தான் அத்தை. அது 39 டிகிரியிலேயே உருகிவிடும்.

மதுரை அத்தை: அப்போ மே மாதம் நம் திண்ணையிலேயே உருகும்!

கயல்: காற்றுப் பட்டால் முதலில் தீப்பற்றும். அதனால் காற்றை உறிஞ்சிவிட்டு மூடியிருக்கிறது. சூடாக்கினால் உள்ளே ஆவி நிறையும். லேசர் நுழையும் முகத்தை இன்னும் கொஞ்சம் சூடாக வைக்கணும். இல்லையென்றால் குழம்புச்சட்டி மூடியில் நீர் கோத்த மாதிரி உலோகம் படிந்துவிடும். நேற்று அதை மறந்து அரை நாள் போச்சு.

செந்தில் அண்ணன்: ஆவி எதற்கு? கட்டி மேலேயே அடிக்கலாமே?

கயல்: கட்டியில் அணுக்கள் பந்திக்கு முண்டுகிற கூட்டம். ஆவியில் தனித்தனியாகத் திரியும், ஒன்றை அக்கம்பக்கம் கெடுக்காது.

பெரியப்பா: 1861இல் புன்சனும் கிர்க்காஃபும் கண்ட தனிமம். அதன் அணு விழுங்கும் இரண்டு நிறங்கள், அந்த 780, 795 நானோமீட்டர் கோடுகளையா பார்க்கிறாய்?

கயல்: ஆமாம் பெரியப்பா! லேசர் துடிப்பு 40 ஃபெம்டோ நொடி. அவ்வளவு குட்டித் துடிப்பு ஒரே நிறத்தில் அடங்காது, இரண்டு கோடுகளையும் சேர்த்தே தட்டும். கொஞ்சம் தாமதித்து இன்னொரு துடிப்பு அனுப்புவேன். தாமதம் கூடக் கூட அணுக்களிலிருந்து வரும் சிக்னல் ஏறி இறங்கும்.

மதுரை அத்தை: ஃபெம்டோ என்றால்?

கயல்: ஒரு நொடியைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி கோடியாகப் பிரித்தால் 10 ஃபெம்டோ நொடி.

செந்தில் அண்ணன்: அதை எந்தக் கடிகாரத்தில் பார்ப்பாய்?

கயல்: கடிகாரமே இல்லை. ஒரு கண்ணாடியை 15 மைக்ரோமீட்டர் பின்னால் தள்ளுவேன். ஒளிக்குப் போக வர 30 மைக்ரோமீட்டர் கூடும், அதுவே 100 ஃபெம்டோ நொடி தாமதம்.

பெரியப்பா: ஏறி இறங்குவது விம்மல்தானே? இரண்டு சுருதி ஒட்டாமல் ஒலித்தால் வருமே, அது. இரு, போட்டுப் பார்க்கிறேன்.

பெரியப்பா: இரண்டு கோடுகளின் அதிர்வெண்கள்: 384.23 கழித்தல் 377.11. வித்தியாசம் 7.12 டெராஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 7.12 லட்சம் கோடி விம்மல். தலைகீழாக்கினால் ஒரு விம்மலுக்கு 140 ஃபெம்டோ நொடி.

கயல்: எனக்கு வந்தது 141!!

பெரியப்பா: வரைபடம் அனுப்பு.

கயல்: [படம்]

பெரியப்பா: எட்டு முகடு எண்ணினேன். ஒன்பதாவது தெரியவில்லை. கண்ணாடி மாற்றணும் போல.

கயல்: உங்கள் கண்ணில் குறையில்லை பெரியப்பா. பசித்தது, அங்கேயே நிறுத்திவிட்டேன்.