தரைப்பலகைக்குக் கீழே ஒரு குடும்பம்

அக்கா: பழைய பெட்டியைக் குடைந்தபோது ‘தி பாரோவர்ஸ்’ கிடைத்தது, அந்தக் குட்டி மனிதர்கள் கதை! நேற்று ராத்திரி பாப்பாவுக்கு வாசிக்க ஆரம்பித்தேன். அவள் தூங்கிவிட்டாள், நான் முழுசாக முடித்துவிட்டுத்தான் படுத்தேன்.

தம்பி: தரைப்பலகைக்கு அடியில் குடியிருப்பார்களே, அவர்கள்தானே? தபால்தலைதான் சுவரில் மாட்டும் படம், காலி நூல்கட்டைதான் முக்காலி. கதை பாதி மறந்துவிட்டது அக்கா, அந்த வீடு மட்டும் மறக்கவே இல்லை.

சித்தி: சிவப்பு மையொற்றும் தாள்தான் கம்பளம்! பழைய கடிதங்களைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள், எழுத்து வரிகள் மேலிருந்து கீழாகக் கோடு போட்ட மாதிரி வரும். யாரோ எழுதிய கடிதத்துக்குள் குடியிருப்பது எவ்வளவு அழகு.

அக்கா: ஆமாம் சித்தி. அப்போதெல்லாம் நான் அந்தக் குடும்பத்துப் பெண் அரியெட்டி கட்சி. அவள் அந்த மனிதப் பையனோடு பேசப் போனால் எனக்கும் கால் பரபரக்கும். இந்தத் தடவை அவள் அம்மா ஹோமிலி பக்கம் போய்விட்டேன். மனிதர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அவள் தவிப்பது அன்றைக்கு வெறும் தொணதொணப்பு. அவர்கள் சொந்தக்காரப் பெண் எக்லெட்டினா வெளியே போய்த் திரும்பி வராததைப் படித்ததும், எழுந்து போய் பாப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பெரியப்பா: குட்டி மனிதர்கள் என்றால் எனக்கு எப்போதும் லில்லிபுட் தீவுக்குப் போன கல்லிவர் கதைதான். 1726இலேயே ஸ்விஃப்ட் எவ்வளவு கச்சிதமாகக் கணக்குப் போட்டிருக்கிறார் பார். லில்லிபுட்காரனைவிட கல்லிவர் 12 மடங்கு உயரம். அதனால் சாப்பாடு 12 மடங்கு இல்லை, 12×12×12, அதாவது 1728 பேருடைய பங்கு. கன அளவு எனக்குப் புரிந்ததே அங்கேதான்.

தம்பி: பெரியப்பா, நிஜத்தில் அந்தக் குட்டி மனிதர்களுக்கு அவர்கள் எடைக்கு இன்னும் கூடுதலாகவே சாப்பாடு வேண்டியிருக்கும். உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடையோடு பார்த்தால் மேல்தோல் அதிகம், சூடு சீக்கிரம் போய்விடும். மூஞ்சூறு ஓயாமல் தின்பது அதனால்தான். ஹோமிலிக்கு எந்நேரமும் சமையலறைக் கவலை என்றால் அதில் நியாயம் இருக்கிறது!

பெரியப்பா: சபாஷ்டா.

சித்தி: அடுத்து ‘சார்லட்ஸ் வெப்’ வாசி கண்ணு. அதுவும் 1952, ‘பாரோவர்ஸ்’ வந்த அதே வருடம். ஆனால் அந்தச் சிலந்தி சார்லட் சாகிற இடத்தைத் தாண்டிவிடு. பாப்பா தாங்க மாட்டாள்.

பாட்டி: தாண்டாதே. அப்படியே வாசி. அழுதால் அழட்டும், மடியில்தானே இருப்பாள்.

அக்கா: நானும் அதைத்தான் நினைத்தேன் பாட்டி. அதை விட்டுவிட்டால், பன்றிக்குட்டி வில்பர் சார்லட்டின் முட்டைப் பையை வாய்க்குள் பத்திரமாக வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு அர்த்தமே இல்லை. யாருக்காக அவ்வளவு பாடுபடுகிறான் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

தம்பி: எழுதிய ஈ. பி. வைட்டும் அதைச் செய்தவர்தான். தன் கொட்டகையில் சிலந்தி வைத்த முட்டைப் பையை மிட்டாய்ப் பெட்டியில் போட்டு நியூயார்க் வீட்டுக்கு எடுத்துப்போனார். அங்கே குஞ்சுகள் பொரித்துவந்தன.

சித்தி: அப்படியா! சரி, சரி, முழுசாகவே வாசி. அந்தப் பக்கம் வரும்போது எனக்கும் போன் பண்ணு, நானும் கேட்கிறேன்.

பாட்டி: என்னை விட்டுவிடாதீர்கள். சத்தமாக வாசிக்கச் சொல்.

தம்பி: அக்கா, ‘பாரோவர்ஸ்’ முடிந்ததென்றால் எனக்கு அனுப்பு. வயலுக்குப் போகும் இரண்டாம் பாகமும் அந்தப் பெட்டியில் இருக்கிறதா என்று பார்.