வீடியோ போக்கர்: 99.54 என்ற எண்ணைப் புதியவர்களிடம் சொல்லலாமா?

கணக்கன்:
லாஸ் வேகாஸ் போகிறவர்களிடம் "ஸ்லாட்டில் காசைக் கொட்டாதீங்க, வீடியோ போக்கரில் உட்காருங்க, 99.54 சதவீதம் திரும்பி வரும்" என்று சொல்வது நம் குழுவில் வழக்கம். ஸ்லாட் இழையில் ஓரக்கண் அதை மறுத்து, புதியவர்கள் காதில் அந்த எண்ணைப் போடவே கூடாது என்று எழுதியிருந்தார். சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

ஆட்டம் எளிது. 52 சீட்டிலிருந்து மெஷின் 5 சீட்டு போடும். வேண்டியதை ஹோல்ட் அழுத்தி வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினால், மிச்சமுள்ள 47 சீட்டிலிருந்து புதியது வரும். ஒரே ஒரு டிரா. எதிரே ஆள் கிடையாது, பிளஃப் கிடையாது. கடைசியில் கையில் நிற்பதற்குப் பே டேபிள், அதாவது எந்தக் கைக்கு எவ்வளவு என்று திரையில் இருக்கும் பட்டியல், என்ன சொல்கிறதோ அதுதான் காசு. ஜாக்ஸ் ஆர் பெட்டர் வகையில், ஒரு காயினுக்கு: ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் இவற்றில் ஒரு ஜோடி என்றால் 1, ரெண்டு ஜோடி 2, ஒரே எண் மூன்று 3, ஸ்ட்ரைட் (வரிசையாக 5 சீட்டு) 4, ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே பூ, அதாவது ஒரே சின்னம்) 6, ஃபுல் ஹவுஸ் (ஒரே எண் மூன்றோடு ஒரு ஜோடி) 9, ஒரே எண் நாலு 25, ஸ்ட்ரைட் ஃப்ளஷ் (ஒரே பூவில் வரிசை) 50. ராயல் ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே பூவில் 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ்) 250தான். 5 காயின் போட்டிருந்தால் மட்டும் மொத்தம் 4,000, அதாவது காயினுக்கு 800. ஃபுல் ஹவுஸ் 9, ஃப்ளஷ் 6 என்பதால் இதற்கு '9/6' என்று பெயர்.

ஸ்லாட்டில் ரீலில் எந்தப் படம் எத்தனை முறை வரும் என்று வெளியே தெரியாது. இங்கே அப்படியில்லை. சீட்டைக் காட்டும் மெஷினில் ஒவ்வொரு சீட்டும் வரும் வாய்ப்பு நிஜக் கட்டில் உள்ளதுபோலவே இருக்க வேண்டும் என்பது லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் விதி. முதல் 5 சீட்டு விழும் வகை மொத்தம் 25,98,960, எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம். தன் விலையைத் தானே நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் மெஷின் இது. அந்த விலையைப் படிக்கக் கற்றுக்கொடுக்காமல் இருப்பதுதான் தப்பு.

ஓரக்கண்:
99.54 பொய்னு நான் எங்கயும் சொல்லல. அது யாருக்கான எண்ங்கிறதுதான் என் கேள்வி.

அந்த 99.54-க்குள்ள 1.98 ராயல் ஃப்ளஷ் ஒண்ணுக்கே போயிடுது. சரியா ஆடினா ராயல் சராசரியா 40,390 கைக்கு ஒரு தடவை. மணிக்கு 600 கை ஆடினாலும் 67 மணி நேரம். ஊர் சுத்த வந்தவர் நாலு மணி நேரம் உட்கார்றார்னு வைங்க, 2,400 கை. அதுல ராயல் வராம எழுந்து போற வாய்ப்பு 94 சதவீதம். அவங்க எல்லாருக்கும் மெஷின் திருப்பிக் கொடுக்கிறது 97.56தான்.

கால் டாலர் மெஷின்ல 5 காயின்னா கைக்கு 1.25 டாலர், 2,400 கைக்கு 3,000 டாலர் ஓடும். தாள்ல பார்த்தா நஷ்டம் 14 டாலர். ராயல் வராதவங்களுக்குச் சராசரி 73 டாலர். நூத்துல 94 பேருக்கு 73 ஆகப்போற இடத்துல 14-னு சொல்லி உட்கார வைக்கிறது நியாயமா?

கணக்கன்:
கணக்கு சரி. முடிவு சரியில்லை. பக்கத்திலேயே நிற்கும் 8/5 மெஷினுக்கும் இதையே போட்டுப் பாருங்கள். 8/5 தருவது 97.30. ராயலை எடுத்துவிட்டால் ஏறக்குறைய 95.3. அதே 3,000 டாலருக்கு நஷ்டம் 140 பக்கம். ஆக ராயல் வராத 94 பேருக்கும் 9/6-ல் உட்கார்ந்தால் 73, 8/5-ல் உட்கார்ந்தால் 140. 99.54 என்பது வீட்டுக்கு எவ்வளவு கொண்டுபோவீர்கள் என்று சொல்லும் எண் அல்ல. எந்த நாற்காலியில் உட்காருவது என்று சொல்லும் எண்.

சீட்டுக்கட்டு52:
நாற்காலி பற்றிப் பேச்சு வந்ததால் பே டேபிளைப் படிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

திரையில் 9, 6 என்ற எண்கள் முதல் காயின் பத்தியில்தான் இருக்கும். 5 காயின் போட்டதும் ஒளிர்வது கடைசிப் பத்தி. அதில் ஃபுல் ஹவுஸ் 45, ஃப்ளஷ் 30 என்றால் 9/6. 40, 25 என்றால் 8/5. 30, 25 என்றால் 6/5, அது 95.00தான். மற்ற எல்லா வரியும் மூன்றிலும் ஒன்றுபோலவே இருக்கும். மேலே 4,000 என்று பெரிதாக மின்னுவதும் ஒன்றேதான். அதனால் ராயல் வரியைப் பார்க்க வேண்டாம், நடுவில் இருக்கும் அந்த ரெண்டு வரியை மட்டும் பாருங்கள்.

ரெண்டு எண் குறைந்தால் இவ்வளவு அடியா என்று கேட்பார்கள். ஃபுல் ஹவுஸ் 87 கைக்கு ஒன்று, ஃப்ளஷ் 91 கைக்கு ஒன்று வருகிறது. எதில் 1 குறைத்தாலும் சுமார் 1.1 சதவீதம் போய்விடும். மணிக்கு 750 டாலர் ஓடும் கால் டாலர் மெஷினில் நஷ்டம் 9/6-ல் சுமார் 3.40, 8/5-ல் 20.25, 6/5-ல் 37.50. ஒரே சூதாட்டக் கூடத்தில், ஒரே வரிசையில், ஒரே மெஷினுக்குள் கால் டாலர் மெனுவில் ஒரு டேபிளும் ஒரு டாலர் மெனுவில் வேறு டேபிளும் இருப்பது சாதாரணம். மெனுவை மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும்.

ஓரக்கண்:
இதைச் சொல்லிக் கொடுங்க, எனக்கு ஆட்சேபணையே இல்ல. மணிக்கு எத்தனை டாலர் செலவுன்னு சொன்னா சாதாரண மனுஷனுக்குப் புரியும். 99.54-னு சொன்னா "கிட்டத்தட்ட சமம்"னுதான் மனசுல பதியும்.

இன்னொண்ணு, எல்லாரும் வேதவாக்கா சொல்ற "எப்பவும் 5 காயின் போடு". ஒரு காயின் போட்டா ராயலுக்கு 250தான், திரும்ப வர்றது 98.4-க்குப் பக்கத்துல இறங்கிடும், ஒத்துக்கறேன். ஆனா கால் டாலர் மெஷின்ல ஒரு காயின்னா மணிக்கு 150 டாலர்தான் ஓடுது. நஷ்டம் 2.40. 5 காயின் போட்டா 3.40. சதவீதம் மோசம், பர்ஸுக்கு நல்லது. ராயலைக் கணக்குல எடுக்கலேன்னா வித்தியாசம் இன்னும் பெருசு. புதுசா கத்துக்கறவர் ஒரு காயின்ல ஆடட்டுமே.

கணக்கன்:
இதில் பாதி ஒத்துக்கொள்கிறேன், நண்பரே. கற்றுக்கொள்ளும் முதல் மணி நேரத்துக்கு ஒரு காயின் குற்றமில்லை. ஆனால் அதைப் பழக்கமாக்கினால், ராயல் வரும் அன்று 1,000 டாலருக்குப் பதில் 62.50 டாலர் கையில் நிற்கும். செலவைக் குறைக்க வேண்டுமானால் 5 சென்ட் மெஷினில் 5 காயின் போட்டால் அதே 25 சென்ட்தான் ஆகிறது, ராயலுக்கு 800 வீதமும் கிடைக்கும். ஒரு நிபந்தனை: சின்னக் காசு மெஷின்களில் டேபிளைக் குறைத்துத்தான் வைப்பார்கள். 45, 30 இருந்தால் உட்காருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

கையிருப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 9/6-ன் வேரியன்ஸ், அதாவது ஏற்ற இறக்கத்தின் அளவு, 19.5. 2,400 கைக்குத் திட்ட விலக்கம் (சராசரியைவிட்டு வழக்கமாக விலகும் தூரம்) சுமார் 270 டாலர். அதை மனதில் வைத்துப் பணம் எடுத்துப் போக வேண்டும்.

கிளாவர்_ராணி:
அந்த 270 தப்பான படத்தைக் கொடுக்குது, கணக்கன் சார். 19.5-ல 15.8 ராயல் ஒண்ணால வர்றது (800-ஐ 800-ஆல பெருக்கி 40,390-ஆல வகுத்துப் பாருங்க). மிச்சம் 3.7தான். ராயல் வராத நாலு மணி நேரத்துல 73 டாலர் நஷ்டத்தைச் சுத்தித் திட்ட விலக்கம் 120 டாலர் பக்கம்தான். அதாவது 100 டாலரோட உட்கார்ந்தா நேரம் முடியறதுக்குள்ள காலியாகற வாய்ப்பு பாதிக்கு மேல. அதை நேரா சொல்லிடலாம்.

இந்த எல்லா எண்ணும் ஹோல்ட் பண்றதுல தப்பே பண்ணாதவங்களுக்கு. அதைப் பத்தி யாரும் பேசல. அடிக்கடி தப்பு நடக்கிற கைகளைச் சொல்றேன்.

ராஜா ராஜா ஏஸ் 7 4. "ஏஸும் பெரிய சீட்டாச்சே"னு மூணையும் பிடிப்பாங்க. ஜோடிய மட்டும் பிடிச்சு மூணு சீட்டு எடுத்தா காயினுக்குத் திரும்ப வர்ற சராசரி 1.54. ஏஸையும் பிடிச்சா 1.42. நாலு ராஜா வர்ற வாய்ப்பு 360-ல ஒண்ணா இருந்தது 1,081-ல ஒண்ணா போயிடும். கூட வர்ற அந்த ஏஸுக்குக் கிக்கர்னு பேரு. மேஜைப் போக்கர்ல ஜெயிக்க வைக்கிற சீட்டு, இங்க அதுக்குக் காசே கிடையாது.

5 6 7 8 8, பூ எல்லாம் கலந்து. ஸ்ட்ரைட் ரெண்டு பக்கமும் திறந்திருக்குன்னு ஒரு 8-ஐத் தள்ளுவாங்க. 47-ல 8 சீட்டு உதவும், நாலு நாலா 32, சராசரி 0.68. சின்ன ஜோடி காசு தராதுன்னாலும் அதோட சராசரி 0.82. ஜோடியைத்தான் பிடிக்கணும்.

அதே ஜோடி, ஆனா ஆர்ட்டின்ல 8, ராணி, 5, 3, கூட இஸ்பேடு 8. இப்ப ஃப்ளஷ்ஷுக்கு 9 சீட்டு இருக்கு, ராணி ஜோடி சேர 3 சீட்டு. 54-ம் 3-ம் 57, சராசரி 1.21. ஜோடியை உடைக்கணும்.

ரொம்பப் பயப்படற கை: ஆர்ட்டின்ல ராஜா ராணி ஜாக்கி 10, கூட ஆர்ட்டின் 4. ஃப்ளஷ் கையில இருக்கு, 6 நிச்சயம். 4-ஐத் தள்ளினா சராசரி 19.55. தள்ளணும். ஒரு காயின்ல ஆடினாக்கூட 7.85 வரும், அப்பவும் தள்ளத்தான் வேணும்.

ஓரக்கண்:
நன்றி, நான் சொல்ல வந்ததே இதுதான். இந்த நாலையும் உள்ளுணர்வால ஆடறவர் 99.54 ஆடல. பெரிய தலைப்பு போட்ட டேபிள் இதை இன்னும் மோசமாக்குது. டபுள் டபுள் போனஸ்ங்கிற இன்னொரு வகையில நாலு ஏஸுக்கு 160, கூட 2, 3, 4-ல ஒண்ணு இருந்தா 400-னு எழுதியிருக்கும். அந்தக் காசு எங்கிருந்து வருது? ரெண்டு ஜோடிக்கு 2-க்குப் பதிலா 1. சாதாரண 9/6-லயே ரெண்டு ஜோடி எட்டு கைக்கு ஒண்ணுங்கிற மாதிரி வர்ற கை. வேரியன்ஸும் 42 பக்கம் ஏறிடும்.

கிளாவர்_ராணி:
அங்கயும் கிக்கர் மோகத்துல தப்பு பண்றாங்க. ஏஸ் ஏஸ் ஏஸ் 2 9 வந்தா 2-ஐயும் பிடிச்சா சராசரி 11.83. மூணு ஏஸை மட்டும் பிடிச்சா 12.49. 400-ஐப் பார்த்துக் கை தானா 2 மேல போகும், போகக் கூடாது.

சீட்டுக்கட்டு52:
இந்த இழையைப் படிப்பவர்கள் டியூசஸ் வைல்டு என்ற இன்னொரு வகை 100.76 தரும் என்று எங்காவது பார்த்துவிட்டு வருவார்கள், அதனால் இதையும் சேர்க்கிறேன். 2 எல்லாம் ஜோக்கர். ஒரே எண் நாலுக்கு 5 தரும் முழு டேபிளுக்கு மட்டும் அந்த 100.76. ஜோக்கர் இருப்பதால் நாலு சேர்வது 15 கைக்கு ஒருமுறை நடக்கும். அந்த 5-ஐ 4 ஆக்கி மற்றதை அப்படியே விட்டால் 94 சொச்சத்துக்கு இறங்கிவிடும். முழு டேபிளிலேயே தப்பில்லாமல் ஆடினாலும் கால் டாலர் மெஷினில் லாபம் மணிக்கு 5.70 டாலர்தான்.

நெவாடாவுக்கு வெளியே பழங்குடியினர் நடத்தும் சில கூடங்களில் இரண்டாம் வகுப்பு மெஷின் இருக்கும். திரையில் சீட்டு தெரிந்தாலும் உள்ளே முடிவாவது பிங்கோ. திரை ஓரத்தில் சின்னதாக ஒரு பிங்கோ அட்டை தெரிந்தால் இங்கே பேசிய கணக்கு எதுவும் அதற்குச் செல்லாது.

கணக்கன்:
ஓரக்கண், சமரசமாக இப்படிச் சொல்லலாமா? புதியவரிடம் முதலில் 45, 30 பார்க்கச் சொல்வோம். பிறகு கிளாவர் ராணி சொன்ன கைகள். மணிக்கு 3.40 டாலர் என்பதோடு, ராயல் வராவிட்டால் 18 டாலர் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். 99.54 அதற்குப் பிறகு வரட்டும். எண்ணையே மறைப்பதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

ஓரக்கண்:
18-ஐ முதல்ல சொல்லுங்க, 3.40-ஐ அப்புறம் சொல்லுங்க. அவ்வளவுதான் என் சண்டை.

புதுக்கை:
பெரியவங்க நடுவுல ஒரு சந்தேகம். 10 10 ஜாக்கி ராணி ராஜா, பூ எல்லாம் வேற வேற. 5 6 7 8 8 மாதிரி இங்கயும் சின்ன ஜோடியைத்தானே பிடிக்கணும்?

கிளாவர்_ராணி:
இல்லப்பா, இது விதிவிலக்கு. ஸ்ட்ரைட்டுக்கு ஏஸ் 4, ஒன்பது 4, ஆக 8 சீட்டு, 32. அதோட ஜாக்கி, ராணி, ராஜா எது ஜோடி சேர்ந்தாலும் ஒண்ணு கிடைக்கும், அதுக்கு 9 சீட்டு. மொத்தம் 41, 47-ஆல வகுத்தா 0.87. ஜோடி 0.82. ஒரு 10-ஐத் தள்ளிடு. ஜாக்கிக்குப் பதிலா 9 இருந்தா, அதாவது 9 10 10 ராணி ராஜா, நடுவுல ஓட்டை விழுந்துடும், 4 சீட்டுதான் உதவும், அப்ப ஜோடியைப் பிடி.