ஒரு பெட்டி கூட்டெரு எத்தனை கிலோ வரும்?

பரந்தன் தோட்டம்:
அரை ஏக்கரில் மிளகாய் வைக்கப் போகிறேன். ஹெக்டேருக்கு 10 தொன் சேதனப் பசளை, அதாவது கூட்டெரு போன்ற இயற்கை எரு, போடச் சொல்கிறார்கள், அப்படியென்றால் எனக்கு 2 தொன் போல வேண்டும். கூட்டெரு விற்பவர்கள் இரண்டு பேர், ஒருவர் ட்ரக்டர் பெட்டிக் கணக்கில் தருகிறார், மற்றவர் பையில் கட்டிக் கிலோக் கணக்கில் தருகிறார், எது மலிவு என்றே பிடிபடவில்லை. மணல் ஒரு கியூப் நாலு தொன்னுக்கு மேல் வரும், அதே கணக்கை எருவுக்கும் போடலாமா?

முத்தையன்கட்டு:
போடவே கூடாது அண்ணை. கியூப் என்றால் 100 கன அடி, ஏறத்தாழ 2830 லீற்றர். மணல் லீற்றருக்கு ஒன்றரைக் கிலோ நிற்கும். உக்கிய கூட்டெரு அரைக் கிலோவைச் சுற்றித்தான். காய்ந்து அரித்தது 400 கிராம், மழையில் நனைந்தது 700க்கு மேலும் போகும். அதனால் ஒரு கியூப் 1100 கிலோவும் வரலாம், 2 தொன்னும் வரலாம். யூரியா வந்த 50 கிலோப் பையில் எருவை நிரப்பினால் முப்பது, முப்பத்தைந்து கிலோதான் வரும், பையில் அச்சடித்திருப்பதைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்.

நீங்களே நிறுத்துப் பாருங்கள். 20 லீற்றர் வாளியில் போட்டு, நாலைந்து தரம் நிலத்தில் தட்டி, குறைந்ததை நிரப்பி நிறுத்து, வாளியின் நிறையைக் கழித்து 20ஆல் பிரியுங்கள். குவியலின் மேல்பக்கம் காய்ந்து கிடக்கும், உள்ளேயிருந்து அள்ளுங்கள். பெட்டியை உள்பக்கமாக அடிக் கணக்கில் அளந்து நீளம், அகலம், எரு நிற்கும் உயரம் மூன்றையும் பெருக்கி, அதை 28.3ஆல் பெருக்கினால் லீற்றர் வரும்.

வவுனியா நாற்றுமேடை:
என்னைக் கேட்டால் கிலோக் கணக்கில் வாங்கவே வேண்டாம், முக்கியமாக மாரியில். 30 வீதம் ஈரமுள்ள 100 கிலோ எருவில் 70 கிலோதான் சரக்கு. அதே குவியலுக்குத் தண்ணீர் அடித்து ஈரத்தை 50 வீதமாக்கினால் தராசு 140 காட்டும், குவியல் பெரிதாக வீங்காது, அந்த 40 கிலோவும் தண்ணீர்க் காசு. 2021இல் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தின நேரம் கூட்டெரு என்ற பெயரில் எதையெல்லாம் கட்டி விற்றார்கள், ஞாபகம் இருக்கும்தானே. நாற்றுக்குக் கலவை போடுவதென்றாலும் வாளிக் கணக்குத்தான் சரி. உமி ஒரு 20 லீற்றர் வாளி இரண்டு கிலோ சொச்சம்தான், நிறுத்துக் கலந்தால் மண்ணே தெரியாமல் உமியாகக் கிடக்கும். அப்புறம் மூன்று வாளி கலந்தால் மூன்று வாளி வராது, நுண்ணியது இடுக்குக்குள் இறங்கிவிடும்.

பரந்தன் தோட்டம்:
சரி, போய் அளந்தேன். பெட்டி 8 அடி நீளம், 5 அகலம், எரு ஒன்றரை அடி உயரம், மொத்தம் 60 கன அடி, 1700 லீற்றர். வாளி 11 கிலோ, அதாவது லீற்றருக்கு 0.55. பெட்டிக்கு 935 கிலோ வருகிறது, இரண்டு பெட்டியும் கொஞ்சமும் எடுத்தால் போதும். கிலோக்காரரின் வாளி 16 கிலோ நின்றது, அது நல்ல சரக்கு என்றா அர்த்தம்?

முத்தையன்கட்டு:
இல்லை. கையில் ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள், தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். சொட்டாமலே அவ்வளவு பாரமென்றால் மண்ணோ மணலோ கலந்திருக்கிறது. ஒரு பிடியைப் போத்தல் தண்ணீரில் குலுக்கி வைத்தால் மணல் அடியில் படியும். பெட்டியை ஏற்றுகிற இடத்திலேயே அளந்துவிடுங்கள், வரும் வழியில் குலுங்கி அமர்ந்துவிடும், பிறகு குறைவென்று சண்டை பிடிக்க முடியாது.